அமெரிக்க அரசமைப்பு உரிமைகள்: அடிக்கடி நேரும் தவறுகள்

முகநூல் பதிவுக்காகத் தனியார் நிறுவனம் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், பேச்சுரிமையைக் காக்கும் அரசமைப்பின் முதல் திருத்தம் மீறப்பட்டதாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். அந்தத் திருத்தம் தொடங்குவதே ‘காங்கிரஸ் சட்டம் இயற்றக் கூடாது’ என்றுதான் (காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம்). அது கட்டுப்படுத்துவது அரசை. தனியார் முதலாளியை அல்ல. வேலையில் இனப் பாகுபாடு காட்டினால்கூடத் தனியார்மீது வழக்குப் போட உதவுவது 1964 சிவில் உரிமைச் சட்டம் போன்ற சாதாரணச் சட்டங்களே. நீக்கியது அரசுப் பள்ளி என்றால் நிலைமை வேறு. நாளிதழுக்குக் கடிதம் எழுதியதற்காக வேலையிழந்த இல்லினாய் ஆசிரியர் பிக்கரிங், 1968இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். தனியாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்துவது, அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தம். ஆகவே ‘எந்த உரிமை?’ என்பதற்கு முன்பே ‘யார் செய்தது?’ என்று கேளுங்கள்.

அரசு என்றால், எந்த அரசு? 1791இல் முதல் பத்துத் திருத்தங்களாக அரசமைப்பில் சேர்ந்த உரிமைகள் மாநிலங்களையும் தொடக்கம் முதலே கட்டுப்படுத்தின என்று நினைப்பது அடுத்த தவறு. பால்டிமோர் நகரப் பணிகளால் தன் படகுத்துறையில் மண் மேடிட்டதற்கு இழப்பீடு கேட்ட பாரன் என்பவரிடம், தனியார் சொத்தை எடுத்தால் இழப்பீடு தரச் சொல்லும் ஐந்தாவது திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. உரிய சட்டமுறையின்றி ஒருவரின் உயிர், சுதந்திரம், சொத்தைப் பறிக்கக் கூடாது என்று மாநிலங்களுக்குத் தடைபோட்டு 1868இல் வந்த 14ஆவது திருத்தம்தான் வழி திறந்தது. அதன் வழியாக உரிமைகள் ஒவ்வொன்றாக மாநிலங்களுக்கு நீண்டன: 1925இல் கிட்லோ வழக்கில் பேச்சுரிமை, 1963இல் கிடியன் வழக்கில் ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர், 2010இல் மெக்டொனால்ட் வழக்கில் துப்பாக்கி உரிமை. பெருங்குற்றங்களுக்கு கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) வேண்டும் என்ற விதி இன்றுவரை மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை.

‘போலீஸ் மிராண்டா எச்சரிக்கை சொல்லவில்லை, வழக்கு தள்ளுபடி ஆகிவிடும்’ என்பதும் தவறு. பேசாமலிருக்கவும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று போலீஸ் சொல்வதே மிராண்டா எச்சரிக்கை. காவலில் வைத்திருப்பதும் விசாரிப்பதும் சேர்ந்தால்தான் அந்த எச்சரிக்கை கட்டாயம். சொல்லாவிட்டால், குற்றத்தை நிரூபிக்க அந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு பயன்படுத்த முடியாது. மற்ற சாட்சியங்களோடு வழக்கு நடக்கும். சும்மா மௌனம் காத்தாலும் போதாது. காவலில் இல்லாத நிலையில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஒன்றுக்கு மட்டும் வாய்மூடிய சலினாஸ் என்பவரின் மௌனம் அவருக்கு எதிராகவே பயன்பட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ‘பேசாமலிருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

உரிமைகளுக்கு வெளியே இன்னொரு தவறு: அதிபர் போன்றோர்மீதான பதவிநீக்கத் தீர்மானம் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியதுமே பதவி போய்விட்டது என்று நினைப்பது. அது குற்றச்சாட்டு மட்டுமே. பதவி பறிபோக, மற்றொரு அவையான செனட்டில் வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

எச்1பி வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் ‘இதெல்லாம் குடிமக்களுக்குத்தானே’ என்று ஒதுங்க வேண்டாம். ஐந்தாவது திருத்தமும், 14ஆவதின் சமப் பாதுகாப்பு விதியும் சொல்வது ‘நபர்’ என்று. சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை நடத்திய சீனக் குடியேறிகள் அதை வைத்தே 1886இல் வென்றார்கள். வாக்குரிமைத் திருத்தங்கள்தான் ‘குடிமக்கள்’ என்று வரையறுக்கின்றன.