புது கேமரா வந்த கையோடு வாங்கலாமா? படிப்படியாக ஒரு வழி

ஒரு புது கேமராவை அறிவித்த உடனே எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள். எப்போது கையில் கிடைக்கும்? வாங்கினால் ஒழுங்காக உழைக்குமா? இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். தட்டுப்பாட்டுக்கு நடுவே மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கேமராவில் சின்னக் குறை தெரிந்தாலும் திருப்பிக் கொடுக்க மனசு வராது. கொடுத்தால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டுமே என்று குறையோடு வைத்துக்கொள்பவர்கள் நிறைய. அதனால் புதிதாக வெளிவந்த கேமராவை வாங்கும்போது, கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடியும் முன்பே சோதித்து, தேவைப்பட்டால் தயங்காமல் திருப்பிக் கொடுக்கும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: உங்களுக்கு எந்தத் தேதியில் தேவை?

கல்யாணம், பயணம், காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை என்று ஏதாவது தேதி இருந்தால் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் கேமரா கையில் இருக்காது என்றால், அந்த வேலைக்கு அதை நம்ப வேண்டாம். பழைய கேமராவோ வாடகைக் கேமராவோ போதும். தேதி எதுவும் இல்லையென்றால் உங்கள் நிலைமை நல்ல நிலைமை: மூன்று நான்கு மாதம் பொறுத்து வாங்கலாம். அதற்குள் முதல் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இயங்கும் மென்பொருள்) திருத்தம் பெரும்பாலும் வந்துவிடும், பெரிய குறை ஏதாவது இருந்தால் அதுவும் வெளியே தெரிந்துவிடும்.

படி 2: தட்டுப்பாடு ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அறிவிப்புத் தேதி வேறு, விற்பனைத் தேதி வேறு, உங்கள் முறை வரும் தேதி வேறு. முதல் தவணையில் வருபவை முன்பதிவு செய்தவர்களுக்கே போதாமல் போகலாம். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100விஐ 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டபோது, உற்பத்தியால் ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு ஆர்டர்கள் குவிந்தன. பல நாடுகளில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அது வெறும் கிராக்கி.

சில சமயம் காரணம் தொழிற்சாலையில் இருக்கும். 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்தாலும், அதே வருடம் அக்டோபரில் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தாலும் நிக்கான், சோனி போன்ற நிறுவனங்களின் உற்பத்தி தடைபட்டது. 2016இல் ஜப்பானின் குமமோட்டோ நிலநடுக்கம் சோனியின் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) ஆலையைப் பாதித்தது. சென்சார் இல்லாமல் கேமரா ஏது? அந்தச் சென்சாரை வாங்கும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து திண்டாடின. 2021இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது சோனி தன் சில மாடல்களுக்கு ஆர்டர் வாங்குவதையே நிறுத்தி வைத்தது.

வெறும் கிராக்கி என்றால் சில மாதங்களில் தணியும், காத்திருக்கலாம். ஆலையே நின்றுபோயிருந்தால் தேதி சொல்ல யாராலும் முடியாது. வேறு மாடலைப் பார்ப்பது நல்லது.

படி 3: முன்பதிவு செய்யும் முன் நான்கு கேள்விகள்

முன்பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்குமா? பெட்டியைத் திறந்த பிறகும் திருப்பி எடுத்துக்கொள்வார்களா? எத்தனை நாளைக்குள்? வாரண்டி உங்கள் நாட்டில் செல்லுமா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பெரிய தொகையைக் கொடுக்காதீர்கள்.

கடைசிக் கேள்வி ஏன் என்றால், தட்டுப்பாட்டு நேரத்தில் வேறு நாட்டுக்காகத் தயாரான கேமராவைக் கொண்டுவந்து விற்பவர்கள் அதிகம். ‘கையிருப்பில் உண்டு’ என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புது மாடலுக்குத்தான் வாரண்டி அதிகம் தேவைப்படும், அதுவே இல்லாமல் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அறிவித்த விலைக்கு மேல் வைத்து விற்கும் இடைத்தரகரிடமும் போகாதீர்கள். அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

படி 4: முதல் விமர்சனங்களை எப்படிப் படிப்பது?

வெளியீட்டு நாளிலேயே வரும் விமர்சனங்கள் நிறுவனம் சில நாளைக்குக் கடனாகக் கொடுத்த கேமராவை வைத்து எழுதப்பட்டவை. சில நேரம் அது இறுதி வடிவம்கூட இல்லை. படத்தின் தரம், ஃபோகஸ் வேகம் எல்லாம் அதில் தெரியும். எவ்வளவு காலம் உழைக்கும் என்பது தெரியாது. அதற்கு, காசு கொடுத்து வாங்கியவர்கள் சில வாரம் கழித்துச் சொல்வதைத்தான் பார்க்க வேண்டும்.

அதிலும் ஒருவர் கோபமாக எழுதியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே குறையை, ஒரே சூழ்நிலையில், தொடர்பே இல்லாத பலர் சொல்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் அது எந்த வகைக் குறை என்று பிரித்துப் பாருங்கள். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

மென்பொருள் குறை என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேரில் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். வடிவமைப்பு தரும் வரம்பு அப்படியில்லை. கேனான் ஆர்5 2020 ஜூலையில் வந்தபோது, 8கே (மிக அதிகத் தெளிவுள்ள) வீடியோ எடுத்தால் சூடாகி நின்றுவிடுகிறது என்ற புகார் எழுந்தது. ஆகஸ்டில் வந்த ஃபர்ம்வேர் நிலைமையைக் கொஞ்சம் மேம்படுத்தியது, ஆனால் சிறிய உடலுக்குள் உண்டாகும் சூட்டை ஃபர்ம்வேரால் இல்லாமல் ஆக்க முடியாது. புகைப்படம் மட்டுமே எடுப்பவருக்கு இந்தப் புகார் ஒரு பொருட்டே இல்லை. நீளமான வீடியோ எடுப்பவருக்கு இதுவே வாங்காமல் விடக் காரணம்.

மூன்றாவது, உற்பத்தியில் வரும் குறை. நிக்கான் டி600 2012 செப்டம்பரில் வெளிவந்த கொஞ்ச நாளிலேயே சென்சாரில் புள்ளிகள் சேருவதாகப் பலர் படத்தோடு காட்டினார்கள். நிறுவனம் 2013 பிப்ரவரியில்தான் அதைப் பற்றி அறிவிப்பு வெளியிட்டது. அடுத்த வருடம், வாரண்டி முடிந்த கேமராக்களுக்கும் இலவசமாகப் பழுது பார்ப்பதாகச் சொன்னது. இதற்கு நேர்மாறாக, 2023 மே மாதம் வந்த அதே நிக்கானின் இசட்8 மாடலில் சில கேமராக்களில் லென்ஸ் சரியாகப் பொருந்தவில்லை, தோள்பட்டை மாட்டும் கொக்கி தளரலாம் என்ற குறைகள் தெரிந்தபோது, சில மாதங்களுக்குள் அறிவிப்பு வந்துவிட்டது. சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்து, பாதிக்கப்பட்டிருந்தால் இலவசமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்றார்கள். குறை வராத நிறுவனம் என்று ஒன்று கிடையாது. குறை வந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள். அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

படி 5: கையில் வந்த முதல் வாரம்

பெட்டி, உறைகள், அட்டைகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சீரியல் நம்பர் பெட்டியிலும் கேமராவிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, தயாரிப்பாளரின் தளத்தில் சேவை அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதன் பிறகு சோதனைக்கு வாருங்கள்.

சென்சார் தூசி: லென்ஸில் ஒளி புகும் துளையை (அப்பர்ச்சர்) எஃப் 16 அல்லது 22 வரை சுருக்குங்கள். ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) மிகக் குறைவாக இருக்கட்டும். ஃபோகஸைக் கையால் முடிவிலிக்கு (மிகத் தொலைவுக்கு) திருப்பி, வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, ஷட்டர் ஒன்றிரண்டு நொடி திறந்திருக்கும்போதே கேமராவை லேசாக அசையுங்கள். சுவரின் சொரசொரப்பு கலைந்து மறைந்துவிடும். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி மட்டும் அசையாமல் கருப்புப் புள்ளியாக நிற்கும். கணினியில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள். ஓரிரு புள்ளி இருந்தால் கையால் அமுக்கும் காற்றூதியால் (ப்ளோவர்) ஊதி எடுத்துவிடலாம். சில நூறு படம் எடுத்த பிறகு இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். புள்ளிகள் ஒரு மூலையில் கூடிக்கொண்டே போனால் அது வெளித்தூசி இல்லை, உள்ளிருந்து வருகிறது என்று சந்தேகிக்கலாம்.

ஒளிக்கசிவு: லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓவை ஏற்றி, 30 நொடி ஷட்டரைத் திறந்து வையுங்கள். அந்த நேரத்தில் டார்ச் வெளிச்சத்தை லென்ஸ் பொருந்தும் இடம், கார்டு மூடி, கேபிள் மூடி எல்லாவற்றின் ஓரத்திலும் ஓட்டுங்கள். 2014இல் வந்த ஃபியூஜி எக்ஸ்-டி1 கேமராவின் தொடக்கத் தயாரிப்புகளில், பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்து நீண்ட நேர எக்ஸ்போஷர் (ஷட்டரை அதிக நேரம் திறந்து எடுக்கும் படம்) எடுத்தால் ஒளி உள்ளே புகுந்தது. படத்தில் பட்டையாகவோ மேகம் போலவோ வெளிச்சம் இருந்தால் கசிவு உண்டு. அதே படத்தில் சிதறலாகச் சில வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் கவலை வேண்டாம், நீண்ட எக்ஸ்போஷரில் அது சகஜம். சாதாரண ஷட்டர் வேகத்திலும் அவை நின்றால்தான் கேட்க வேண்டும்.

மற்றவை சீக்கிரம் முடியும். எல்லாப் பட்டனையும் சக்கரத்தையும் தொட்டுப் பாருங்கள், இரண்டு கார்டு இடம் இருந்தால் இரண்டிலும் எழுதுங்கள், லென்ஸை நாலைந்து தடவை கழற்றி மாட்டுங்கள். நீங்கள் வழக்கமாக எடுக்கப்போகும் தரத்தில் வீடியோவைத் தானாக நிற்கும்வரை ஓட விட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: புது மாடலின் ரா ஃபைலை (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) உங்கள் எடிட்டிங் மென்பொருள் உடனே திறக்காமல் போகலாம். அது கேமராவின் குறை இல்லை, மென்பொருளுக்கு அடுத்த பதிப்பு வர வேண்டும். அதுவரை ராவோடு ஜேபெக்கும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

படி 6: குறை தெரிந்தால்

குறை தெரியும் படத்தை எடிட் செய்யாமல் வைத்துக்கொண்டு, எந்த லென்ஸ், எந்த ஃபர்ம்வேர் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது என்று எழுதி வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் இருந்தால் பழுது பார்க்கக் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். வேறு கேமராவையோ பணத்தையோ கேளுங்கள். பழுதுபார்ப்புக்குப் போனால் நாள் ஓடிவிடும், கெடுவும் தாண்டிவிடும். மாற்றுக் கேமரா வர இரண்டு மாதம் ஆகும் என்றாலும் காத்திருங்கள். அந்த இடைவெளிக்காகத்தான், புதியது எல்லாச் சோதனையும் தேறும்வரை பழைய கேமராவை விற்காமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.