நண்பரின் நினைவுக்கு ஃபிளெக்ஸ் தட்டிக்குப் பதிலாகத் தாண்டுதடை

அஜிலிட்டி எனப்படும் நாய்த் தடையோட்டத்தில் நம்மோடு ஓடிய நண்பரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஃபிளெக்ஸ் தட்டி வைக்க எண்ணுபவர்கள், அந்தப் பணத்தில் ஓரங்குல பி.வி.சி. குழாய்கள் வாங்கித் தாண்டுதடைகள் செய்து, தாங்குகால்களில் அவர் பெயரை எழுதி, அவர் பயிற்சி தந்த மைதானத்துக்கே கொடுத்துவிடலாம்.

6 மீட்டர் குழாய் ஒன்றை 1.2 மீட்டர் அளவில் அறுத்தால் ஐந்து குறுக்குத்தண்டுகள் வீணின்றிக் கிடைக்கும். அவற்றை ஒட்டாமல் தாங்கியின் மேல் வெறுமனே வைக்க வேண்டும். கால் பட்டதும் தண்டு விழுந்துவிடுவதால் நாய்க்கு அடிபடும் வாய்ப்பு குறையும். நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய அரியவை, நீலமோ தெளிவாகத் தெரியும் என்பதால், புல்தரையில் வைக்கும் வெள்ளைத் தண்டில் நீலப் பட்டைகள் தீட்டுவது நல்லது. குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் காற்றும் தட்டியைச் சில வாரங்களில் கிழித்துவிடும். நாங்கள் இப்படிச் செய்த தடைகளில் எழுதிய, மறைந்த எங்கள் தோழியின் பெயரோ, அவர் பழக்கிய நாய்கள் தாண்டும் ஒவ்வொரு மாலையும் எங்கள் கண்ணில் படுகிறது.

வளர்ச்சி முடியாத குட்டிகளுக்குத் தாண்டுதல் பொருந்தாது. அவற்றுக்குத் தண்டைத் தரையிலேயே கிடத்தி, நடந்து கடக்கப் பழக்கினால் போதும். மழையில் செம்மண் வழுக்கும் நாட்களிலும் தாண்டவிடக் கூடாது. தொடர்ந்து வெயிலில் கிடக்கும் பி.வி.சி. நொறுங்கும் தன்மை அடையும் என்பதால், பயிற்சி முடிந்ததும் நிழலில் எடுத்து வைக்க வேண்டும். குடும்பத்தார் தட்டியையே விரும்பினால், அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.