குழந்தைக்கு வருவது வலிப்பா, வேறு அசைவா: வீட்டில் கவனிக்கும் முறை

குழந்தையின் கை கால் வெட்டி இழுத்தால் பெற்றோருக்கு முதலில் வலிப்பு என்ற அச்சமே எழுகிறது. ஆனால் அசைவின் வேகத்தை வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது. பார்க்கப் பதறவைக்கும் துள்ளல் தீங்கற்றதாகவும், கண்ணில் படாத தலையசைப்பு வலிப்பாகவும் இருக்கக்கூடும்.

பச்சிளங்குழந்தையானால், அசையும் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். வெறும் நடுக்கம் பிடித்ததும் நிற்கும். வலிப்பின் துடிப்பு உங்கள் பிடிக்குள்ளும் தொடரும். தூக்கத்தில் மட்டும் வரும் துள்ளல் பிடித்தால் அடங்காது, ஆனால் குழந்தையை எழுப்பியவுடன் நின்றுவிடும்; அது பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மறையும். நடுக்கம்தான் என்று தெரிந்தாலும், இரத்தச் சர்க்கரையோ கால்சியமோ குறைந்திருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

வளர்ந்த பிள்ளையைப் பெயர் சொல்லி அழையுங்கள், தோளைத் தொடுங்கள். உற்சாகத்தில் கையை உதறும் பழக்கம் கவனம் திரும்பியதும் நிற்கும். கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற, ‘டிக்’ (tic) எனப்படும் திடீர்ச் சொடுக்குகளைப் பிள்ளையால் சிறிது நேரம் அடக்க முடியும். பேச்சின் நடுவே சுமார் 10 விநாடி வெறித்துப் பார்த்து, தொட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடவாததுபோல் தொடர்ந்தால் வலிப்பை ஐயுற வேண்டும். நினைவு இருக்கிறது என்பதாலேயே வலிப்பில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நினைவு தப்பாத வலிப்பும் உண்டு.

காத்திருக்கவே கூடாத வகை ஒன்று உண்டு. 1841இல் ஆங்கிலேய மருத்துவர் வெஸ்ட் தம் மகனிடமே கண்டு விவரித்த இந்த வலிப்பு, பெரும்பாலும் 3 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கு வருகிறது. தூங்கி எழுந்ததும் தலை கவிழ்ந்து, கைகள் விரிந்து, ஓரிரு விநாடியில் முடிந்து, சற்று இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் வரும். வயிற்றுவலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நாள் கடத்துவதே இதில் நேரும் பெரிய பிழை. சிகிச்சை தாமதமானால் வளர்ச்சி பாதிக்கப்படும்.

எந்த விளக்கத்தையும்விடச் செல்போன் வீடியோவே மருத்துவருக்கு அதிகம் உதவும். போர்வையை விலக்கி, முகமும் நான்கு கைகால்களும் தெரிய, நிற்கும்வரை எடுங்கள். வலிப்பு வராத நேரத்தில் எடுக்கும் இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) இயல்பாக இருந்தாலும் வலிப்பு இல்லையென்று ஆகாது. வலிப்பு 5 நிமிடத்தைக் கடந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ வீடியோவை விட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி திணிக்கவும் வாயில் எதையும் வைக்கவும் வேண்டாம்.