ஆபரேஷனுக்கு முன் குழந்தை கையில் எந்த கேம்? முதல்முறை போகிறவர்களுக்கு

வேலூரில் குழந்தைக்கு ஆபரேஷன் தேதி வாங்கியதும், அது சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ, ஃபைல், ரத்தப் பரிசோதனை, பணம், கூட இருக்கிறவர் தங்க ஆற்காடு ரோட்டில் ஒரு ரூம் என்று எல்லாவற்றையும் யோசிப்போம். குழந்தையின் பயத்தை மட்டும், அழுதால் போனைக் கொடுத்துக்கலாம் என்று விட்டுவிடுவோம். போன் கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் எந்த கேம், அதை எப்படித் திரும்ப வாங்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

இது சும்மா வாய்ப்பேச்சு இல்லை. 2006-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 4 முதல் 12 வயது வரையுள்ள 112 குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருடனும் பெற்றோர் இருந்தார்கள். ஒரு குழுவுக்குக் கூடவே மிடசோலம் என்ற பதற்றம் குறைக்கும் மருந்து, இன்னொரு குழுவுக்குக் கையடக்க வீடியோ கேம். மயக்கம் கொடுக்கும் நேரத்தில் மற்ற இரண்டு குழுக்களிலும் பதற்றம் ஏறியது, கேம் ஆடிய குழுவில் அப்படி ஏறவில்லை. அதற்காக மருந்தே வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அது மயக்க மருந்து டாக்டரின் வேலை.

முதலில் கேளுங்கள்

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் குழந்தையைப் பார்ப்பார் இல்லையா, பி.ஏ.சி. என்பார்களே, அங்கேயே கேட்டுவிடுங்கள்: போன் எதுவரை வரலாம், நாங்கள் எதுவரை வரலாம், வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) எந்தக் கையில் போடுவீர்கள்? பல இடங்களில் ஆபரேஷன் தியேட்டர் கதவோடு நம்மை நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் கேமும் அங்கேயே முடியும் என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வலிப்பு நோய் உள்ள பிள்ளை என்றால், பளிச் பளிச்சென்று மின்னும் கேம் சரிப்படுமா என்றும் கேளுங்கள்.

கேமைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். எந்த நொடியிலும் நிறுத்த முடிகிற கேமாக இருக்கட்டும். ஜெயிக்கிற நேரத்தில் நர்ஸ் போனை வாங்கினால் பிள்ளை போனுக்காக அழும், அப்புறம் மயக்கம் கொடுக்கிற மாஸ்க்கைப் பார்த்து இன்னொரு முறை அழும். வண்ணம் தீட்டுவது, புதிர்த் துண்டு சேர்ப்பது, நீர்க்குமிழி உடைப்பது போன்றவை போதும்; சண்டை, ரேஸ், தோற்றால் மறுபடி முதலிலிருந்து என்பதெல்லாம் வேண்டாம். ஒரு கையால், படுத்துக்கொண்டே ஆட முடிய வேண்டும். நெட் இல்லாமல் ஓட வேண்டும், ஏரோபிளேன் மோடில் போட்டு நீங்களே ஆடிப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று, சமையல் கேமும் மிட்டாய் கேமும் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்றுதான் வெறும் வயிற்றில் வைக்கிறார்கள். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், தண்ணீருக்கு அதைவிடக் குறைந்த நேரம். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்று டாக்டர் சொல்வதுதான் கணக்கு. குடியாத்தத்திலிருந்து விடிகாலையில் பசியோடு கிளம்பி வந்த பிள்ளையிடம் திரையில் கேக் அடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஆற்காடு மக்கன் பேடா மாதிரி இனிப்பைப் பற்றியும் அப்போது யாரும் பேச வேண்டாம், பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.

'டாக்டர் கேம்' என்று இலவசமாகக் கிடைப்பதில் சில, பெரிய ஊசியும் ரத்தமுமாக இருக்கும். நீங்கள் கடைசிவரை ஆடிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

முந்தைய நாட்களில்

கேமை இரண்டொரு முறை காட்டிவிட்டு மூடி வையுங்கள். பழகியிருக்க வேண்டும், சலித்துவிடக் கூடாது. அதோடு நடக்கப்போவதை உள்ளபடி சொல்லுங்கள்: "கண்ணு, மூக்கு மேல ஒரு மாஸ்க் வைப்பாங்க, அப்படியே தூங்கிடுவ, முடிஞ்சதும் எழுப்புவாங்க." ஊசியே போட மாட்டாங்க என்று பொய் சொன்னால், அதற்கப்புறம் எந்த கேமும் உதவாது. தொடங்கும்போதே ஒப்பந்தமும் போட்டுவிடுங்கள், "நர்ஸ் அக்கா கேட்டா நீயே நிறுத்திட்டுக் கொடுக்கணும், கேம் அந்த இடத்துலேயே அப்படியே இருக்கும்." யார் வாங்குவார்கள் என்று தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

அன்றைக்கு

வார்டுக்குள் போனவுடனே கொடுத்துவிடாதீர்கள், காத்திருப்பு நீளும், சலித்துவிடும். அதுவரை கதை, படம் வரைவது. ஆபரேஷன் டிரெஸ் மாற்றச் சொல்லும்போது அல்லது தியேட்டருக்குக் கூப்பிடும்போது எடுங்கள். ஹெட்போன் வேண்டாம், நர்ஸ் சொல்வது காதில் விழ வேண்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து "இந்தக் குமிழி என்ன கலர்?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய் டீ குடிப்பது உதவாது. வேண்டாம் என்று தள்ளினால் வற்புறுத்தாமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான், அவர்களுக்குப் பழைய போர்வையோ பொம்மையோ போதும்.

கண் விழித்தவுடன் பாதி மயக்கத்தில் சிலர் அழுவார்கள், குமட்டலும் இருக்கலாம். அந்த நேரத்தில் திரையைக் காட்டாதீர்கள். டாக்டர் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அது வயிற்றில் தங்கி, பிள்ளையே "என் கேம் எங்கே" என்று கேட்டால் கொடுங்கள். அதுவரை யாராவது அந்த போனில் யூட்யூப் பார்த்து சார்ஜைத் தீர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.