டிப்பர் ஜாக்கில் ஆயில் குறைகிறதா? கேனைத் திறப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைட்ராலிக் ஆயில் டீசல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. டிராக்டரிலிருந்து ஹோஸ் வழியாக டிரெய்லர் பெட்டியைத் தூக்கும் ஜாக்குக்குப் போகிறது, பெட்டி இறங்கும்போது போன வழியே திரும்பி வந்துவிடுகிறது. போன வாரம் இருந்த அளவு இன்று இல்லை என்றால் எங்கோ கசிந்திருக்கிறது, இல்லாவிட்டால் அளந்த விதம் தப்பு. பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம், பர்கூர் என்று நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் எருவையும் ஏரி வண்டலையும் மரவள்ளிக் கிழங்கையும் கிரஷர் ஜல்லியையும் தூக்கிக் கொட்டுவது இந்த ஒரு ஜாக்தான். அது கொஞ்சம் திணறினால் உடனே இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டு வேலையைத் தொடர்வது வழக்கமாகிவிட்டது. பம்ப் தேய்வதும் சீல் கிட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) வீணாவதும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

பெட்டி மேலே இருக்கும்போது அளவு பார்ப்பது

டிப்பர் ஜாக்குக்கு அழுத்தம் ஒரு பக்கம் மட்டும்தான். ஆயில் தள்ளினால் ஏறும். வால்வைத் திறந்தால் பெட்டியின் எடையே அதை இறக்கிவிடும். ஜாக்கிலிருந்து வெளியே நீளும் தண்டுதான் ராம். அதன் விட்டம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 78.5 சதுர செ.மீ. அது ஒரு மீட்டர் நீண்டால் 7,850 மி.லி., அதாவது கிட்டத்தட்ட 8 லிட்டர் ஆயில் டிராக்டரை விட்டு ஜாக்குக்குள் போயிருக்கிறது. அந்த நேரத்தில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்துவிட்டு 8 லிட்டர் ஊற்றினால், பெட்டி இறங்கும்போது பழையது அத்தனையும் திரும்பி வரும். இடம் இல்லாமல் பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகப் பொங்கும். இல்லையென்றால் பின் அச்சின் ஆயில் சீலைத் தாண்டி வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டு ஆயில் சீலை மாற்றுகிறவர்களும் உண்டு.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பெட்டி முழுக்க இறங்கியிருக்க வேண்டும், பின்பக்க லிஃப்ட் கைகளும் கீழே இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

புது ஜாக் மாட்டும்போது இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. காலி ஜாக்கும் காலி ஹோஸும் நிரம்பும் அளவுக்கு டிராக்டரில் ஆயில் குறையும். அதைக் கணக்கில் எடுக்காமல் தூக்கினால் பெட்டி முக்கால் உயரம் போய் நின்றுவிடும், பம்ப் ஊளையிடும். ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது என்று அதற்கு அர்த்தம். அப்போது ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்ப்பது பம்பைத் தின்னும். நிறுத்தி, இறக்கி, அளவு பார்த்து ஊற்றிவிட்டுத் தொடருங்கள். மூன்று அடுக்கு டெலஸ்கோப்பிக் ஜாக் என்றால் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

எந்த ஆயில்

பல டிராக்டர்களில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆயிலில் மூழ்கியிருக்கும் பிரேக் என்றால் பிரேக் தட்டுகளும் அதிலேயே ஓடுகின்றன. இவற்றுக்கென்றே வருவது யுடிடிஓ வகை. அதற்குப் பதில் 'கெட்டியாக இருந்தால் கசியாது' என்று 140 கியர் ஆயிலை ஊற்றுவது பெரிய தவறு. மார்கழி காலையில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் அந்தக் கெட்டி ஆயிலைப் பம்பால் இழுக்க முடியாது. கசிவும் அதனால் நிற்காது. மூழ்கு பிரேக் உள்ள வண்டியில் பிரேக் அலறும், பிடிப்பும் மாறும். தனித் தொட்டியும் தனிப் பம்பும் உள்ள டிரெய்லருக்கு ஐஎஸ்ஓ விஜி 46 அல்லது 68 ஹைட்ராலிக் ஆயில் வரும். எது என்பதைத் தொட்டி மேல் உள்ள தகட்டையோ கையேட்டையோ பார்த்து முடிவு செய்யுங்கள், பக்கத்து வண்டியைப் பார்த்து அல்ல.

இவை எல்லாவற்றையும் விட மோசமானது பிரேக் ஆயில். 'இதுவும் ஹைட்ராலிக்தானே' என்று அவசரத்துக்கு டாட் 3, டாட் 4 டப்பாவை ஊற்றக் கூடாது. அது கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை. நம் ஆயில் மினரல் வகை. இரண்டும் கலக்காது. ஜாக்கில் இருக்கும் நைட்ரைல் ரப்பர் சீல் அதில் ஊறி உப்பி, கூழாகிவிடும். தவறி ஊற்றிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே செய்யாமல் முழுவதையும் வடியுங்கள். ஓட்டிவிட்டால் அது தொட்ட ரப்பர் பாகம் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும்.

நம் ஊரில் யாரும் அதிகம் யோசிக்காத ஒன்று இருக்கிறது. டிரெய்லரைக் கைமாற்றாகக் கொடுக்கிறோம், வாடகைக்கு விடுகிறோம். அப்போது ஜாக்கிலும் ஹோஸிலும் தங்கிய ஆயில் ஒரு டிராக்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. முதல் டிராக்டரில் தண்ணீர் கலந்திருந்தால், மூன்றாவது நாள் உங்கள் கியர் பாக்ஸிலும் தண்ணீர் இருக்கும். வேறு வண்டியில் ஓடிய டிரெய்லர் திரும்பி வந்தால், பெட்டி முழுக்க இறங்கி அழுத்தம் போன பிறகு ஜாக் பக்கத்து ஹோஸைக் கழற்றி, அதில் இருப்பதைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்துப் பாருங்கள். மோர் நிறமாக இருந்தால் தண்ணீர். கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் அதிகச் சூடு. சந்தேகம் தீரவில்லை என்றால் திறந்தவெளியில் சூடான தகட்டில் இரண்டு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் அடியில் தேங்கும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம், சில ஆயில்கள் தண்ணீரைத் தமக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

டிராக்டர் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஜாக்கை விட்டுவிடுவதும் இதே கணக்குத்தான். புது ஆயில் முதல் தூக்கலிலேயே பழையதோடு கலந்துவிடும்.

முட்டு இல்லாமல் அடியில் புகுவது

தூக்கிய பெட்டியின் கீழே கை வைக்க வேண்டும் என்றால் பெட்டி காலியாக இருக்க வேண்டும், சேசிஸில் இரும்பு முட்டு நிற்க வேண்டும், பெட்டி அந்த முட்டின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜாக் தாங்கும், வால்வ் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தால் பெட்டி விழுவதற்குள் தலையை வெளியே எடுக்க நேரம் கிடைக்காது. லீவரை யாராவது தெரியாமல் தொட்டாலும் அதே கதிதான். மரக்கட்டை முட்டு வேண்டாம், வழுக்கும்.

கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடுவதும் வேண்டாம். 150 பார் அழுத்தத்தில் ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; மணிக்கணக்கில் காத்திருக்காமல் உடனே போய், 'அழுத்தத்தில் ஆயில் உள்ளே ஏறிவிட்டது' என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

பெட்டி தானாக இறங்கினால் சீல் கிட் வாங்க ஓடுவது

தூக்கி நிறுத்திய பெட்டி மெல்ல மெல்ல இறங்குகிறது. உடனே ஜாக்கைக் கழற்றி சீல் மாற்றுகிறார்கள். மறுநாளும் இறங்குகிறது. காரணம், ஜாக் நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜாக் சீல் தேய்ந்திருந்தால் ஆயில் ராம் ஓரமாக வெளியே வந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிஸ்டன் வைத்த ஜாக் என்றால் மேல்பக்கக் காற்றுத் துளை வழியாக வரும். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் பெட்டி இறங்குகிறது என்றால், ஆயில் டிராக்டர் வால்வைத் தாண்டித் திரும்பிப் போகிறது. இதை உறுதி செய்ய, ஜாக் வாயருகே அந்த அழுத்தத்துக்கு ஏற்ற பால் வால்வ் ஒன்று இருந்தால் போதும். காலிப் பெட்டியைத் தூக்கி, முட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டு, முட்டை நிறுத்துங்கள். சாக்பீஸால் ஒரு குறி போட்டு, இன்ஜினை நிறுத்தி, பால் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் விலகி நில்லுங்கள். குறி நகரவில்லை என்றால் கோளாறு டிராக்டர் பக்கம். நகர்ந்திருந்தால் ஜாக் பக்கம்.

சீல் மாற்றும்போது

சீல் விலை சிறியது. அதை மாட்டும் விதத்தில்தான் வேலை நிற்கும் அல்லது கெடும். யூ வடிவ சீலின் வாய், அதாவது இரண்டு உதடுகள் பிரியும் பக்கம், ஆயில் அழுத்தம் வரும் திசையைப் பார்க்க வேண்டும். அழுத்தம் அந்த வாய்க்குள் புகுந்து உதடுகளை ராம் மேல் அழுத்துவதால்தான் கசிவு நிற்கிறது. திருப்பி மாட்டினால் முதல் தூக்கலிலேயே ஊற்றும். பழைய சீலைப் பிடுங்குவதற்கு முன் எந்தப் பக்கம் பார்த்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்குரூ டிரைவரால் நெம்பி உள்ளே தள்ளாதீர்கள். உதட்டில் விழும் ஒரு மயிரிழைக் கீறல் போதும். விரலால் தள்ளுங்கள், அல்லது முனை மழுங்கிய மூங்கில் குச்சியால். மரை உள்ள பகுதியைத் தாண்டும்போது மரை மேல் டேப் சுற்றிக்கொண்டு, தாண்டிய பிறகு எடுத்துவிடுங்கள். பாலியூரித்தேன் சீல் விறைப்பாக இருந்தால் வெதுவெதுப்பான ஆயிலில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் வளையும். எந்த சீலையும் உலர்வாக மாட்டக் கூடாது. ராமில் ஒட்டிய தூசியை வழித்துவிட வெளிப்பக்கம் இருக்கும் வைப்பர் சீலை 'இது நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடுவதும் தவறு. சூளகிரி, பர்கூர் பக்கம் குவாரித் தூளில் ஓடும் வண்டிக்கு முதலில் சாவது அதுதான். அது போன பிறகு ராம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தூளை உள்ளே இழுக்கும்.

சீல் மாற்றுவதற்கு முன் ராமை நகத்தால் நீளவாக்கில் தடவுங்கள். நகம் மாட்டும் கீறலோ துருக்குழியோ இருந்தால் எந்த சீலும் நிற்காது. லேத் பட்டறையில் கொடுத்து ஹார்ட் குரோம் போட வேண்டும். மேலோட்டமான துருவை 600 நம்பர் தண்ணீர் எமரியால் குறுக்காகத் தேய்த்து எடுக்கலாம். சரிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்ட ஈர வண்டலோடு தூக்கிய ஜாக் என்றால் ராம் வளைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வி பிளாக்கில் உருட்டி டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ராமில் ஒரே இடத்தில் சீல் தேய்ந்துகொண்டே இருக்கும்.

கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டாம், ரப்பருக்கு ஆகாது. டீசலில் கழுவினால் சொட்டுச் சொட்டாக வடிந்து உலர்ந்த பிறகே ஆயில் தடவுங்கள். காட்டன் வேஸ்டால் துடைப்பது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. அதன் நூல் ஒன்று வால்வ் சீட்டில் உட்கார்ந்தால் பெட்டி இறங்கிக்கொண்டே இருக்கும், காரணமும் பிடிபடாது. பஞ்சு உதிராத பழைய வேட்டித் துணி நல்லது.

டேப், ஹோஸ், வாஷர்

ஹைட்ராலிக் இணைப்பில் பெரும்பாலும் நேர் மரை இருக்கும். அதை அடைப்பது மரை அல்ல, முகத்தில் உட்காரும் பாண்டட் வாஷர் (ரப்பர் ஒட்டிய உலோக வளையம்) அல்லது கூம்பு. அதில் பிளம்பிங் டேப் சுற்றுவதால் பயன் இல்லை. கிழிந்த துண்டுதான் வால்வுக்குப் போகும். வாஷரை மாற்றுங்கள்.

ஹோஸ் வாங்கும்போது தடிமனை மட்டும் பார்க்காதீர்கள். அரை அங்குல ஹோஸில் ஒற்றைக் கம்பிப் பின்னல் 160 பார் வேலை அழுத்தம் தாங்கும், இரட்டைப் பின்னல் 275 பார். டிப்பருக்கு இரட்டைப் பின்னல்தான். மாட்டிய பிறகு மேலே அச்சிட்ட கோடு நேராக ஓட வேண்டும். கோடு சுழன்றிருந்தால் ஹோஸ் முறுக்கேறி இருக்கிறது.

அழுத்தம் அளவை மீறினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குக் கீழே வாஷர் போட்டுப் பலம் ஏற்றுவது சில இடங்களில் கைத்திறனாகவே பேசப்படுகிறது. 10 செ.மீ. ராம் 150 பாரில் ஏறக்குறைய 12 டன் தள்ளும். அதுவே தூக்கவில்லை என்றால் பாரம் அதிகம், அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. வாஷர் போட்டால் அடுத்து விரிவது பம்ப் உடல் அல்லது ஹோஸ். முதலில் 0–250 பார் கேஜை மாட்டி உண்மையான அழுத்தத்தைப் பாருங்கள்.

பெட்டிக்கு வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே இரும்பில் பிடியுங்கள். சேசிஸில் பிடித்தால் கரண்ட் ஜாக் பின் வழியாகவும் ராம் வழியாகவும் ஓடிப் பொறி விட்டுக் குழி போடும். குரோம் மேல் ஈரச் சாக்கைப் போர்த்துங்கள்.

காற்று எடுப்பது

எல்லாம் மாட்டிய பிறகு இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, காலிப் பெட்டியை முழுக்கத் தூக்கி முழுக்க இறக்குங்கள். இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் காற்று டிராக்டர் பக்கம் திரும்பி நுரையாகும். பத்து நிமிடம் நுரை அடங்க விட்டு அளவு பார்த்து ஊற்றுங்கள். நுரையோடு பார்த்த அளவு பொய். பெட்டி இன்னும் துள்ளித் துள்ளி ஏறினால் காற்று போகவில்லை. பம்ப் உறிஞ்சும் பக்கத்து இணைப்பு எதுவோ லூஸாக இருக்கிறது. அந்தப் பக்கம் ஆயில் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது.

வடித்த பழைய ஆயிலை வரப்பிலோ கிணற்றோரமோ ஊற்ற வேண்டாம். மூடியுள்ள கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள்.

முதல் நாள் முழுப் பாரத்தோடு ஓட்டிய பிறகு பெட்டியை இறக்கி, ராம் வெளியே வரும் வாயான கிளாண்டின் ஓரத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாள் நான்கைந்து நடை முடிந்ததும் பாருங்கள். ராம் மேல் விரலில் ஒட்டும் அளவுக்கு மெல்லிய ஆயில் படலம் இருந்தால் சீல் சரியாக வேலை செய்கிறது. அது வளையமாகத் திரண்டு சொட்டாக வழிந்தால் பெட்டிக்கு முட்டு கொடுத்து மறுபடி கழற்றித்தான் ஆக வேண்டும்.