சாலையோர மாமரத்தில் ஈயம்: மண்ணும் இலையும் எடுக்கும் முறை

பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியைக் கடக்கும் பகுதியில், சாலையை ஒட்டிய வீட்டு மனைகளிலும் மாமரங்கள் நிற்கின்றன. அந்த மண்ணில் ஈயம் உண்டா என்று அறிய மண்வள அட்டையைப் புரட்டிப் பயனில்லை. அதில் துத்தநாகம், தாமிரம், இரும்பு, மாங்கனீசு இருக்கும், நச்சு உலோகங்களான ஈயமும் காட்மியமும் இரா.

முதலில் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வேம்பு மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிடும். மாமரமோ ஆண்டு முழுவதும் இலை தாங்குவதால், புழுதி அதன்மீது மாதக்கணக்கில் படிகிறது. மருந்து தெளித்த மரம் வேண்டாம். பூஞ்சைக்கொல்லிகளான காப்பர் ஆக்சிகுளோரைடில் தாமிரமும் மாங்கோசெப்பில் துத்தநாகமும் உள்ளன. பிரேக், டயர் தேய்மானத்தில் வருபவையும் இவையே என்பதால், எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

அடுத்தது மண். சருகை ஒதுக்கிவிட்டு, மரத்தைச் சுற்றி ஐந்து இடங்களில் மேல் 5 செ.மீ. மண்ணைத் தனியாகவும், 15 முதல் 20 செ.மீ. ஆழத்து மண்ணைத் தனியாகவும் எடுக்க வேண்டும். ஈயம் களிமண்ணோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு எளிதில் கீழே இறங்காது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடெங்கும் நிறுத்தப்பட்ட பின்னும், பழைய படிவு மேல்மண்ணிலேயே தங்கியிருக்கலாம். ஆகவே மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் இருந்தால், அது காற்றிலும் புழுதியிலும் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். லாரியில் மண் கொட்டி மேடாக்கிய மனைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

பிளாஸ்டிக் கரண்டியும் பிளாஸ்டிக் வாளியும் போதும். முதல் முறை நான் வீட்டிலிருந்த தகர வாளியில் மண்ணைக் கலக்கினேன். அதன் துத்தநாகப் பூச்சு எல்லா மாதிரிகளிலும் சேர்ந்து, அறிக்கையே வீணாயிற்று. நிழலில் உலர்த்தி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரை கிலோவாகக் குறையுங்கள்.

இலை எடுப்பதுதான் சுவாரசியமான பகுதி. மழையில்லாத பத்து நாளுக்குப் பின், தாமிர நிறத் தளிரை விட்டு, கரும்பச்சை இலைகள் நாற்பது பறியுங்கள். நடுநரம்போரம் விரலை ஓட்டினால் கறுப்பாக ஒட்டும். இருபதைக் கழுவாமல் காகித உறையில் இடுங்கள். மற்ற இருபதை இருபுறமும் தேய்த்துக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி உலர்த்துங்கள். கழுவாததில் மட்டும் ஈயம் கூடுதலென்றால் அது மேற்புழுதி. கழுவியதிலும் குறையாவிட்டால், வேர் வழியாகவோ இலைப்பரப்பின் வழியாகவோ உட்புகுந்திருக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, சாலையிலிருந்து விலகிய தோட்டத்து மாமரம் ஒன்றிலும் அதே நாளில் இவ்வாறே எடுத்து, ஆய்வகத்தில் மொத்த ஈயம், மொத்த காட்மியம், கூடவே தாமிரம், துத்தநாகம், மண்ணின் கார அமில நிலை ஆகியவற்றைக் கேளுங்கள். அமில மண்ணில்தான் இந்த உலோகங்கள் வேருக்கு எளிதில் எட்டும்.