வீல்செயாரில் இருந்தபடியே குத்துச்சண்டை: வீ பூட்டி விளையாடும் முறை

நிழல் மரம் வெட்டும்போது விழுந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, விலாவுக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. ஹட்டன் பக்கம் எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) வாசலைத் தாண்டினால் படி, படியைத் தாண்டினால் பள்ளம். உடற்பயிற்சிக்கு எங்கே போவது? டிவிக்கு முன்னாலேயே மூச்சு வாங்க வழி தேடினேன்.

முதலில் கருவி. டிவியில் பூட்டி விளையாடும் கேம் பெட்டி, 2006இல் வந்த நிண்டெண்டோ வீ, பழையது கிடைத்தால் போதும். முழு உடம்பையும் கமராவால் பார்க்கும் வகை வேண்டாம் என்பேன். அது நிற்கிற ஆளைத் தேடும். வீ கையிலுள்ள ரிமோட்டின் அசைவை மட்டும்தான் பார்க்கும். குத்துச்சண்டை, டென்னிஸ், பௌலிங் எல்லாம் உள்ள 'வீ ஸ்போர்ட்ஸ்' சீடியோடு வாங்குங்கள். ஜப்பானில் பாவித்ததா? அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் குத்தவே கூடாது.

வயர் பூட்டுவது டிவிடி பூட்டிய யாருக்கும் தெரியும். டிவியோடு வைக்கும் சென்சர் பார் மட்டும் ஒரு வேடிக்கை: அது எதையும் உணர்வதில்லை, அகச்சிவப்பு ஒளியை விடும், ரிமோட் அதைப் பார்க்கும், அவ்வளவுதான். எலி அதன் வயரைக் கடித்த அன்று, டிவிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மெழுகுதிரி ஏற்றி வைத்தேன். ரிமோட் ஏமாந்துவிட்டது! டிவி பக்கம் வெயில் விழுந்தால் திரையில் கை தடுமாறும். கதவைச் சாத்துங்கள்.

அடுத்தது உட்காருவது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் நாள், இரண்டாவது குத்திலேயே முகம் முழங்காலில் போய் இடித்தது. வயிற்றுத் தசை பிடிக்காதபோது, வீசிய கையோடு உடம்பும் போய்விடும். பிரேக் போட்டும் பயனில்லை. எங்கள் காம்பராவின் (அறையின்) தரை வெளியே தண்ணீர் ஓடும் கானை நோக்கிச் சரிவானது, நாற்காலி மெல்ல நகர்ந்தது. இப்போது சில்லுக்கு முன்னும் பின்னும் செங்கல், முதுகுப் பக்கம் சுவர், மார்பைச் சுற்றி அகலமான பட்டி. மூச்சு இழுத்தால் இடிக்காத அளவுக்குக் கட்டுங்கள். கை வைக்கும் பக்கக் கைப்பிடிகளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ரிமோட்டில் பூட்டி மற்றக் கையில் பிடிக்கும் நன்சக்கின் வயர் அதில் சிக்கும்.

ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் போதும். தோள்தான் நமக்குக் கால், அதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக 2018இல் வந்த சர்வதேசப் பரிந்துரை, உடல் தகுதிக்குக் குறைந்தது 20 நிமிடம், வாரம் இரண்டு தடவை என்கிறது. தசைப் பயிற்சி தனி. பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் சரி. இடையிடையே ஒரு பக்கம் சாய்ந்து புட்டத்துக்கு ஓய்வு கொடுங்கள், புண் வராது.

மார்புப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். திடீரென்று மண்டையிடி, முகத்தில் வியர்வை வந்தால் உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டியைத் தளர்த்தி, சிறுநீர் போகப் போட்டிருக்கும் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

பிறகு சேர்த்தது: விரல் மடங்காதவர் என்ன செய்வது என்று பதுளை அக்கா ஒருவர் கேட்டிருந்தார். ரிமோட்டை உள்ளங்கையோடு கிரேப் பண்டேஜால் சுற்றிவிட்டு டென்னிஸ் போடுங்கள் அக்கா. ஆள் தானே ஓடும், கையை வீசினால் போதும். பௌலிங்கில் பட்டனை அழுத்திப் பிடித்து விட வேண்டும், அது வேண்டாம்.